சராசரி 4.6, காலியான நான்காவது வாரம்

முதலாண்டு மாணவர்களுக்காக நாங்கள் மூவர் சேர்ந்து சி என்ற நிரல் மொழிக்கு எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றைத் தயாரித்து நடத்தினோம். கடைசியில் வாங்கிய கருத்துப் படிவத்தின் சராசரி 5 நட்சத்திரங்களுக்கு 4.6. துறைக் கூட்டத்தில் பாராட்டினார்கள், தாள் கோப்பில் போய்ச் சேர்ந்தது. படிவத்தை நிரப்பினால்தான் சான்றிதழ் திறக்கும் என்று நாங்களே பூட்டு வைத்திருந்ததையும், சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட எட்டாம் வாரம்வரை வரவில்லை என்பதையும் அன்று யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

படிவத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை மட்டுமே நம்பிப் பாடத்தை எடைபோடுவது கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று கேட்பதைப் போன்றது. இடம் கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகள் பற்றி நடத்திய முதல் பெரிய இணையவழிப் படிப்பில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்த 5 விழுக்காட்டை வைத்து மட்டும் அதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மாணவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். செமஸ்டரில் அதே பாடத்தை எழுதித் தேற வேண்டியவர்கள்.

பாதியில் விடாமல் கடைசிவரை இருந்தவர்களின் திருப்தியும் கற்றலும்கூட ஒன்றல்ல. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பொன்றில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய மாணவர்கள், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்ததும் அவர்கள்தான். நட்சத்திரங்களை மட்டும் கூட்டிப் பார்க்கும் ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடத்தை எளிதாக்கிக்கொண்டே போய்விடுவார் என்பது என் அச்சம்.

ஆகவே அடுத்த விடுமுறையில் தளத்தின் பதிவுகளைத் திறந்தோம். சுட்டிகளை (பாயிண்டர்: இன்னொரு மாறியின் நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) பற்றிய 14 நிமிடக் காணொளியில் ஒன்பதாம் நிமிடத்தை மட்டும் மாணவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தார்கள். வீட்டையும் வீட்டு முகவரியையும் வைத்து உடன் பணியாற்றுபவர் சொன்ன உவமை அந்த இடத்தில் வருவதால், அவருக்கு ஒரே பூரிப்பு. வராந்தாவில் நின்ற ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். அவர் தம் கைப்பேசியில் அந்த இடத்தை ஓட்டிக் காட்டினார்: சுட்டியைக் குறிக்க மாறியின் பெயருக்கு முன்னால் நாங்கள் போட்டிருந்த நட்சத்திரக் குறி (*) அந்தச் சிறிய திரையில் தூசிபோலக்கூடத் தெரியவில்லை. நாங்கள் கணினித் திரையில் பார்த்துச் சரி சொன்ன காணொளி அது. எந்த இடத்தில் தடங்கல் என்பதைத் தரவு காட்டிவிட்டது. ஏன் என்பதை அந்தக் கைப்பேசிதான் காட்டியது. (படிவத்தில் கிடைத்த நட்சத்திரங்களில் ஒன்றை அங்கே வைத்திருக்கலாம்.)

வினாக்களின் கதை இன்னும் சுவையானது. மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் எந்தப் பக்கம் சரியான விடை அதிகம் என்று பார்ப்பது பழைய முறை. ஒரு மாலை நேரமும் எக்செல் தாளும் போதும். நல்ல வினாவை மேலே உள்ளவர்கள் அதிகம் எழுதியிருக்க வேண்டும். முழு எண்ணை வைக்கும் இன்ட் வகை மாறிக்கு நினைவகத்தில் எத்தனை பைட் இடம் என்ற வினாவில் அது தலைகீழாக இருந்தது. எங்கள் விடைக்குறிப்பு 2 என்றது. டர்போ சி என்ற பழைய கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) காலத்துக் கைடுகளை மனப்பாடம் செய்தவர்கள் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். நிரலை எழுதித் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு 4 வந்தது. அதையே எழுதிப் பூஜ்யம் வாங்கினார்கள். எந்த கம்பைலர் என்று வினாவில் சொல்லாதது எங்கள் பிழை. இதைப் பற்றி படிவத்தில் ஒருவர்கூட எழுதவில்லை. ஆசிரியர் சொன்ன விடை தவறாக இருக்கும் என்று முதலாண்டு மாணவர் எப்படி நினைப்பார்?

வாராந்திர அசைன்மென்ட் மதிப்பெண்களைத் தனியாக நம்பக் கூடாது என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டோம். விடைகள் டெலிகிராமில் சுற்றுகின்றன. மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிப் படிப்புத் தளத்தில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளில் அசைன்மென்டுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று பிரித்து, தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும் என்று வைத்திருப்பதன் அருமை எனக்கு அன்று புரிந்தது.

மிகவும் பயன்பட்டது தொலைபேசி. நான்காம் வாரத்தில் நின்றுபோனவர்களில் இருபது பேரைப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். அந்த வாரம் இன்டர்னல் தேர்வு. கெடு தாண்டியதும் இனிப் பயனில்லை என்று பலர் விட்டிருக்கிறார்கள். ஒரு விடுதி அறையில் ஐந்து பேர் ஒரே லாகினில் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் அவர்களில் நால்வர் ஓடிப்போனவர்கள். ஒரு மாணவர் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாடம் நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஒரு டவுட் கேட்டேன், ஒன்பது நாளா பதிலே வரல." அந்த வாரம் பதில் சொல்லும் முறை என்னுடையது.

இந்த செமஸ்டரில் நான்காம் வாரக் கெடுவை இன்டர்னலுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறோம், நிரல் எழுத்துகளைப் பெரிதாக்கியிருக்கிறோம், பைட் வினாவைத் திருத்தியிருக்கிறோம். சான்றிதழுக்கும் படிவத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, மூன்றாம் வாரத்திலேயே பெயரில்லாமல் இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: இந்த வாரம் எங்கே நின்றீர்கள், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். சராசரி இம்முறை 4.6-க்குக் கீழே போகும் என்று துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஐயம் கேட்கும் பகுதியை இன்று காலை திறந்தபோது மூன்று கேள்விகள் பதிலின்றிக் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்கு வயது நான்கு நாள்.