தீ வைக்கவும் ஆள் வேண்டும்

"காட்டுக்குத் தீ வைக்கிறவனுக்குச் சம்பளம் வேறயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆஸ்திரேலியாவின் வடக்கே, மேற்கு ஆர்னம் லேண்டில் பழங்குடி ரேஞ்சர்கள் செய்யும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆமாம், சம்பளம்தான். கூட்டியே கொடுக்கலாம் என்பேன்.

மழை ஓய்ந்தபின் மே, ஜூனில் எரிக்கிறார்கள். ஆளுயரப் புல் அப்போது நுனி காய்ந்து, அடித்தூரில் ஈரத்தோடு நிற்கும். எரியும் எண்ணெயைச் சொட்டவிடும் டிரிப் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபடி ஒருவர் நடப்பார். சொட்டுச் சொட்டாகத் தீ விழும். பெரும்பாலும் முழங்கால் உயரம்தான் எழும்பும். தப்பி ஓடும் வெட்டுக்கிளிக்காக மேலே பருந்துகள் வட்டமிடும். ராத்திரி பனி இறங்கினால் பல இடங்களில் தானாக அணைந்துவிடும். மரத்தின் உச்சி இலை வாடாது. அதே புல்லை அக்டோபர் வரை விட்டால், ஒரு மின்னல் போதும், வாரக்கணக்கில் எரியும். முன்கூட்டியே எரித்த திட்டுகள் குறுக்கே கிடந்தால் அந்தப் பெருந்தீ அங்கே முட்டி நின்றுவிடும்.

இதைப் "பாரம்பரிய அறிவு" என்று கும்பிட்டுவிட்டு நகர்வதுதான் எனக்கு எரிச்சல். அறிவு மட்டும் இருந்து என்ன? போன நூற்றாண்டில் அந்த மண்ணின் பழங்குடிகளான பினிஞ் மக்கள் கிறிஸ்தவ மிஷன்களுக்கும் ஊர்களுக்கும் போய்விட, பாறைப் பீடபூமி ஆளில்லாமல் கிடந்தது. பருவத்தில் எரிக்க யாருமில்லை; பின்கோடைப் பெருந்தீ வருஷா வருஷம் புகுந்தது. ஓவியரும் மூத்தவருமான பர்தயல் நட்ஜமெரெக் 2002இல் அந்தப் பீடபூமியிலுள்ள கபுல்வர்னம்யோவில் மறுபடி குடியேறிய பிறகுதான் அந்தப் பக்கம் நிலைமை திரும்பியது. 2006இல் ஒரு எரிவாயு நிறுவனத்தோடு ஒப்பந்தம்: சுமார் 28,000 சதுர கிலோமீட்டரில் பருவத்தில் எரித்து, பெருந்தீயில் வெளிவரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் ஆண்டுக்கு 1,00,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவு குறைக்க வேண்டும்; அதற்கு நிறுவனம் பணம் தரும். கம்பெனிக்காரன் தன் புகைக்குக் கணக்கு நேர்செய்துகொண்டான், தெரியும். ஆனால் அந்தப் பணத்தில்தான் குடும்பங்கள் சொந்த மண்ணில் தங்க முடிந்தது.

நம் பக்கத்திலும், கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் 'தரகு பெங்கி' என்று சருகுக்குத் தீ வைப்பார்கள். சரணாலயமானதும் அது நின்றது. உண்ணிச்செடி காட்டை அடைத்ததற்கு அதுவே காரணம் என்கிறார்கள் அவர்கள்.

"சரி, அந்த ரேஞ்சர்கள் மிச்ச மாசம் சும்மாதானே?" என்றார் நண்பர். ஆகஸ்டுக்கு மேல் எங்காவது தீ கிளம்பினால் இவர்களைத்தான் ஹெலிகாப்டரில் பாறை உச்சியில் இறக்கிவிடுவார்கள். அங்கே பெரிதாகத் தண்ணீர் வண்டி எல்லாம் கிடையாது. முதுகில் இலை ஊதும் மிஷின், எதிரே தீ. அன்பினிக் மரக்கூட்டம் கருகாமல் இருக்க, சருகை ஊதித் தள்ளிக்கொண்டே தீயோரமாக நடக்க வேண்டும்.