வளையம் ஒட்டினால் வெறும் எடைதான்
பிரித்தானிய அரச விழாத் தங்கக் காசு எதுவானாலும் அதிலுள்ள தங்கத்தின் விலையைத் தாண்டும் என்கிறது நான் படித்த கட்டுரை. தாண்டாது. விக்டோரியா மகாராணியின் 1887 பொன்விழா உருவம் பொறித்த சவரன் (பிரித்தானியத் தங்கக் காசு) 1893 வரை லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. தேய்ந்த காசென்றால் தங்க விலைக்கு மேல் சொற்பம்தான். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் 1937 முடிசூட்டுச் சவரன் அப்படியல்ல, புரூஃப் (சேகரிப்போருக்கெனப் பளபளப்பாக அடித்த) தொகுதிகளாக 5,501 மட்டுமே. ஆனால் எங்கள் திருகோணமலைப் பக்கம் தாலிக்கொடியில் கோக்கவென்று வளையம் ஒட்டிவிடுவார்கள். விளிம்பில் பற்றாசு (ஒட்டும் உலோகம்) பட்டால் சேகரிப்போருக்கு அது ஆகாது, தட்டாரிடம் எடைக்குத்தான் போகும். கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் காசைப் புளி போட்டுத் துலக்கச் சொல்கிறார், ஐயோ வேண்டாம்! மேற்பரப்பில் கீறல் விழுந்தால் திரும்பாது. போலியா என்று பார்க்க, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு போதும்: முழுச் சவரன் 7.99 கிராம், குறுக்களவு 22.05 மி.மீ. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் எடை சுமார் 0.45 கிராம் குறைய வேண்டும். 0.6 குறைந்தால் அது 22 கரட் இல்லை.