மூச்சுப் பயிற்சி இருக்கட்டும், வார்டில் ஆள் எங்கே?

நோயாளியின் பாதுகாப்புக்கு ஒரு குழு, ஊழியர் நலனுக்கு வேறொரு குழு என்று பெரும்பாலான மருத்துவமனைகள் பிரித்து வைத்திருக்கின்றன. முதல் குழு மாறிப்போன மருந்துகளையும் கட்டிலிலிருந்து விழுந்த நோயாளிகளையும் கணக்கெடுக்கிறது. இரண்டாவது குழு ஆண்டுக்கொரு முறை ஒரு படிவத்தைக் கொடுத்து, எவ்வளவு சோர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, மூச்சுப் பயிற்சிக்கு நாள் குறிக்கிறது. இவ்விரு குழுக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதை நான் அதிகம் பார்த்ததில்லை. செவிலியர் பணியில் இருப்பவள் என்ற முறையில் இதுபற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இந்தப் பிரிவினையே தவறானது என்பதும், இரு கணக்குகளையும் ஒருசேர ஏற்றி இறக்குவது ஒரு நேரத்தில் ஒருவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதான் என்பதும் அவற்றிலிருந்து நான் வந்தடைந்த முடிவு.

இதை மறுக்க முடியாத அளவுக்கு எண்களோடு முன்வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கன். 2002-இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளையும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரையும், அறுவை சிகிச்சைக்கு உள்ளான இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கியது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், சேர்க்கப்பட்ட 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அதே கூடுதல் நோயாளியால் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. இரண்டு முடிவுகளும் ஒரே ஆய்வில், ஒரே காரணியின் கீழ் வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் இதே கேள்வியைக் கேட்டு 2014-இல் வெளியிட்டபோதும் நோயாளி இறப்பு குறித்து அதே 7 சதவீதம்தான் கிடைத்தது. ஊதியம், காப்பீடு, பயிற்சி எல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபட்டும் அந்த எண் அசையவில்லை.

எண்ணிக்கை கூடினால் வார்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறாகக் கற்பனை செய்கிறார்கள். செவிலியர் பதற்றத்தில் ஊசியை மாற்றிப் போட்டுவிடுவார் என்று நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும், ஆனால் அதிகம் நடப்பது, செய்ய வேண்டியது ஓசையில்லாமல் விடுபட்டுப் போவது. இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலுக்கான ஆன்டிபயாட்டிக் தூளைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது, மூன்று கட்டில் தள்ளி டிரிப் செலுத்தும் பம்ப் அலறத் தொடங்குகிறது. அதை நிறுத்தப் போகும் வழியில் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. ஒரு நோயாளியின் பொட்டாசியம் குறைந்திருக்கிறது, மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். இதற்கிடையே அவசரப் பிரிவிலிருந்து புதிய அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வாசலுக்கே வந்துவிடுகிறது. இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியாது, செவிலியரும் தள்ளிப்போடுவதில்லை. தள்ளிப்போவது வேறொன்று: பக்கவாதத்தில் முடங்கிக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் வேலை, சிறுநீர்ப் பையின் அளவைப் பார்த்துக் குறிக்கும் வேலை, மூச்சு சற்று வேகமாக இருக்கிறதே என்று ஒருவர் அருகில் ஒரு நிமிடம் நின்று கவனிக்கும் வேலை. இவற்றைத் தவறவிட்டால் அன்றிரவு எந்த மணியும் அடிக்காது. சில நாட்கள் கழித்துப் படுக்கைப் புண்ணாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ அது வெளியே வரும்போது, அதற்கும் அந்த இரவுக்கும் உள்ள தொடர்பை யாரும் தேடுவதுமில்லை.

அந்த ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவுகளை வைத்து 2018-இல் வெளியான மற்றொரு ஆய்வு, இப்படி விடுபட்ட பராமரிப்பு 10 சதவீதம் கூடினால் அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. ஆள் பற்றாக்குறைக்கும் இறப்புக்கும் நடுவே இருக்கும் கண்ணி எது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

இடையூறுகள் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து கொடுப்பதை நேரில் உடனிருந்து கவனித்து 2010-இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட முறை யாராவது குறுக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழைகள் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீதம் வரை கூடின. இதற்குத் தீர்வாகப் பின்னர் சோதிக்கப்பட்டது என்ன தெரியுமா? மருந்து கொடுக்கும் நேரத்தில் குறுக்கிட வேண்டாம் என்று எழுதிய ஒரு மேலங்கி. குறுக்கீடுகள் ஓரளவு குறையத்தான் செய்தன. ஆனால் அது புழுக்கமாக இருக்கிறது, மாட்டிக் கழற்றுவதற்கே நேரம் போகிறது என்று செவிலியர் குறைபட்டார்கள். நிரந்தரமாக அணியலாம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. குறுக்கிடுபவர்களில் பெரும்பாலோர் வம்பளக்க வருவதில்லை, வேறு ஆள் கிடைக்காததால்தான் வருகிறார்கள் என்பது அங்கியை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று நான் இன்றும் வியப்பதுண்டு.

இனி மருத்துவர்களின் பணி நேரம் பற்றி. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்தப் பகுதிதான். 1984-இல் நியூயார்க்கில் 18 வயதான லிபி சயான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்திலேயே இறந்துபோனதும், அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணி நேரம் பற்றி எழுந்த விவாதத்தின் விளைவாகப் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு அந்த மாநிலத்தில் வரம்பு வந்ததும் பலரும் அறிந்தவை. 2003-இல் அமெரிக்கா முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் பழைய முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான பிழைகள், குறைந்த நேர முறையில் செய்தவற்றைவிட 36 சதவீதம் அதிகம் என்று காட்டியது. நேரத்தைக் குறைத்தால் பிழை குறையும் என்ற நம்பிக்கை அதோடு உறுதிப்பட்டது.

அதே ஆய்வாளரான கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் தலைமையில் 2020-இல் இன்னொரு ஆய்வு வந்தது. குழந்தைகளுக்கான ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பணிமுறையையும் 16 மணி நேரத்துக்குள் முடியும் பணிமுறையையும் ஒப்பிட்டார்கள். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, குறைந்த நேர முறையில்தான் பிழைகள் அதிகமாயின: 1000 நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்குவது ஒரு நோயாளி நாள்) 79 என்பது 97 ஆனது. அப்படியென்றால் தூக்கமில்லாமல் வேலை செய்வதுதான் நல்லதா? அப்படி வாதிட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் இரண்டு நாள் தொடர்ந்து நின்றோம் என்று தொடங்கும் மூத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அட்டவணையில் இன்னொரு வரி இருந்தது. பழைய முறையில் ஒரு பயிற்சி மருத்துவர் சராசரியாக 6.7 நோயாளிகளைப் பார்த்தார். புதிய முறையில் 8.8 நோயாளிகள். நேரத்தைக் குறைத்தவர்கள் ஆளைக் கூட்டவில்லை, ஆகவே அதே வேலை குறைந்த தலைகளின் மேல் விழுந்தது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு மீண்டும் பார்த்தபோது, குறைந்த நேர முறைக்கும் கூடிய பிழைகளுக்கும் இருந்த தொடர்பு மறைந்துபோனது.

2004-ஆம் ஆண்டு ஆய்வுக்கு இப்போது திரும்பிப் போனால் ஒரு விவரம் கண்ணில் படும். அங்கே மூன்று பயிற்சி மருத்துவர்கள் பார்த்த வேலையைப் புதிய முறையில் நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நான்காவது நபரைப் பற்றி அடுத்து வந்த விவாதங்களில் எவ்வளவு குறைவாகப் பேசினோம்! நேர வரம்பு என்பது விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் வந்துவிடும். நான்காவது நபருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டில் எது பரவியது என்பதை விளக்க வேண்டியதில்லை. தூக்கத்தையும் நேரத்தையும் பற்றிய கவலை பொய்யானது என்று நான் சொல்லவரவில்லை. ஒருவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, அவர் விட்டுப்போன வேலையை இன்னொருவர் மேல் ஏற்றினால், சோர்வு இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை.

தியானம், மன உறுதிப் பயிற்சி, செல்பேசிச் செயலி போன்றவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் ஆய்வுகள் இடம் தரவில்லை. மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில், தனிநபர் பயிற்சிகளும் நிறுவன மாற்றங்களும் சேர்ந்து சோர்ந்தவர்களின் விகிதத்தை 54 சதவீதத்திலிருந்து 44 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருந்தன. மறு ஆண்டு வந்த வேறொரு தொகுப்பாய்வு இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்து, பணி அட்டவணை, வேலைப் பங்கீடு போன்ற நிறுவன மாற்றங்களே கூடுதல் பலன் தந்தன என்றது. எனக்குப் பிடித்த சோதனை ஒன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் நடந்து 2014-இல் வெளியானது. மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நிர்வாகமே பணி நேரத்துக்குள் ஊதியத்தோடு ஒதுக்கியது. வேலையில் பிடிப்பு கூடியது, நோயாளிகளிடமிருந்து மனத்தளவில் விலகிப்போவது குறைந்தது. நாம் வழக்கமாகக் காண்பதோ, டியூட்டி முடிந்து கால் கடுக்க நிற்பவரைப் பிடித்து உட்கார வைத்து நடத்தும் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வேறு போட வேண்டும்.

இந்தத் துறையின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். பணிச்சோர்வு என்பதை அளப்பதிலேயே ஒழுங்கில்லை. மருத்துவர்களிடையே அது எவ்வளவு என்று பார்த்த 182 ஆய்வுகளை 2018-இல் தொகுத்தவர்கள், அவற்றில் குறைந்தது 142 வெவ்வேறு வரையறைகளைக் கண்டார்கள். ஆகவே விடையும் பூஜ்யத்திலிருந்து 80 சதவீதம் வரை எங்கெங்கோ நின்றது. எத்தனை பேர் சோர்ந்திருக்கிறார்கள் என்று ஒற்றை எண்ணை உரக்கச் சொல்லும் எந்தத் தலைப்பையும் அதனால் நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். சோர்ந்த மருத்துவரிடம் நோயாளிப் பாதுகாப்புச் சம்பவங்கள் இரு மடங்கு என்று 170 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் சொன்னதும் தொடர்பைத்தான் காட்டுகிறது. சோர்வால் பிழையா, பிழை செய்த குற்ற உணர்வால் சோர்வா என்பதை அதுவே தீர்த்துவைக்காது. இரண்டும் இருக்கும் என்பதே என் எண்ணம்.

எண்ணிக்கையை மாற்றினால் விளைவு மாறுமா என்பதற்குக் கிட்டத்தட்ட நேரடியான சோதனை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்தது. 2016-இல் அங்கே 27 பொது மருத்துவமனைகளின் குறிப்பிட்ட வார்டுகளில் பகலில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டப்படி விகிதம் வைத்தார்கள். அதே மாநிலத்தில் அந்த விதிக்குள் வராத 28 மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு 2021-இல் முடிவுகள் வந்தன. விதி வந்த இடங்களில் இறப்பு குறைந்தது. மற்ற இடங்களில் அந்தக் குறைவு இல்லை. நோயாளிகள் தங்கும் நாட்கள் குறைந்ததாலும், திரும்பச் சேர்க்கப்படுவது தவிர்க்கப்பட்டதாலும் மிச்சமான தொகை, கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். நிதி இல்லை என்ற பதிலுக்கு இதுவே என் பதில். ஆள் கிடைக்கவில்லை என்ற பதில் அதைவிட நேர்மையானது. ஆனால் படித்துப் பதிவு செய்தவர்கள் வேலையை விட்டுப் போவதற்கு அந்த நோயாளி எண்ணிக்கையும் ஒரு காரணம் என்னும்போது, ஆள் வந்த பிறகு எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று காத்திருப்பது எதில் போய் முடியும்?

அண்மையில் எல்லாரும் பேசுவது, நோயாளியும் மருத்துவரும் பேசுவதைக் கேட்டுத் தானே மருத்துவக் குறிப்பு எழுதிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி. தேவை உண்மையானது. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் எழுத்து வேலையிலும் போகிறது என்று 2016-இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவர்கள் உள்ளிட்ட 263 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், இக்கருவியை 30 நாள் பயன்படுத்திய பிறகு சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்கள் 51.9 சதவீதத்திலிருந்து 38.8 சதவீதமாகக் குறைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை, புதுப் பொருளின் உற்சாகமும் அதில் கலந்திருக்கலாம். ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய மாற்றமல்ல. குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த சோதனைகளும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் நேரமிச்சம் அடக்கமாகவே தெரிகிறது.

மிச்சமாகும் அந்த நேரம் யாருக்குப் போகிறது என்பதில்தான் என் கவனம் இருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவின் அட்டவணையில் மேலும் இரண்டு பெயர்களைச் சேர்த்துவிட்டால், 6.7 என்பது 8.8 ஆன கதைதான் மறுபடி நடக்கும். நான் வேலை செய்யும் இடத்திலும் இக்கருவியைச் சோதித்துப் பார்க்க இப்போது ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கருவி வருவதற்கு முன்பே குறித்து வைக்க வேண்டும், சோதனை முடியும்வரை அதைக் கூட்டுவதில்லை என்று எழுத்தில் தர வேண்டும், முடிவில் சோர்வுப் படிவத்தோடு பிழைக் கணக்கையும் அதே அட்டவணையில் போட வேண்டும் என்று அந்தக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிழைக் கணக்கைச் சேர்க்கச் சம்மதித்துவிட்டார்கள். எண்ணிக்கையைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.