கெடுபிடி எல்லாம் சின்ன ஆளுக்குத்தான்

ஆன்லைன் விற்பனையில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 2018 டிசம்பரில் போட்ட விதியால் சிறு வியாபாரிகள் தப்பித்தார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆன்லைன் தளத்துக்குப் பங்கு உள்ள நிறுவனம் அதே தளத்தில் விற்கக்கூடாது என்றார்கள், அப்புறம் என்ன நடந்தது? அமேசான் தளத்தில் விற்ற பெரிய கடையான க்ளவுட்டெயிலின் தாய் நிறுவனத்தில் 49 சதவீதமாக இருந்த பங்கை அமேசான் 24 ஆகக் குறைத்துக்கொண்டது, விதியில் சிக்காமல் அந்தக் கடை 2022 வரை ஜோராக ஓடியது. மணப்பாறையில் முறுக்கு சுடும் அம்மாவுக்கு அப்படியா? தளம் வழியாகப் பெங்களூருக்கு ஒரே ஒரு பாக்கெட் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், பதிவு செய்துவிட்டால் வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், ஆடிட்டர் ஃபீஸ் தனி. மாநிலத்துக்குள்ளேயே, திருச்சிக்கு விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு தேவையில்லை, அந்தச் சலுகையும் 2023 அக்டோபரில்தான் வந்தது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே சார்?