தர்மபுரி போர்வெல்லில் பெட்ரோலா?

"தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் பெட்ரோல் இருக்கிறது, போர் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயே சாட்சி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. கடலடியில் படிந்த பாசியும் நுண்ணுயிரும் (டைனோசர் இல்லைங்க!) சேற்றோடு புதைந்து, 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி சூட்டில் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் வெந்தால்தான் எண்ணெய், அப்புறம் அது தங்குவதற்கு நுண்துளையுள்ள மணற்கல், மேலே கசியவிடாத களிப்பாறை மூடி, எல்லாம் அமைய வேண்டும். நாகப்பட்டினம் நரிமணத்தில் அந்தப் படிவு அடுக்குகள் இருக்கின்றன. நம்ம பக்கம் பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய நைஸ், சார்னோகைட் என்ற கரும்பாறைதான்; அந்தப் படிவு அடுக்குகள் இல்லை.

சரி, தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி தெரியும் அந்த மினுமினுப்பு? பல நேரம் இரும்புப் பாக்டீரியா (தண்ணீரிலுள்ள இரும்பைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்) படலம். குச்சியால் கலைத்துப் பாருங்கள்: சில்லுசில்லாக உடைந்தால் பாக்டீரியா, உடனே ஒன்றுசேர்ந்தால் ஆயில். ஆயில் என்றால் போர் மோட்டாரிலிருந்து கசிந்ததாக இருக்கலாம், மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.