கிளம்பாத கார்

ஹாலிவுட்டின் பழைய நுவார் படங்களை, அதாவது இருண்ட குற்றக் கதைப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நிழல், தொப்பி, சிகரெட் புகை, மயக்கிக் கெடுக்கும் பெண் என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்காக மட்டும் ஒரே படத்தை நான் ஆறேழு முறை பார்த்திருக்க மாட்டேன்.

பில்லி வைல்டர் 1944-இல் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'யைத்தான் சொல்கிறேன். அதன் நாயகன் வால்டர் நெஃப் ரவுடி அல்ல, துப்பறிவாளனும் அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் இன்சூரன்ஸ் பாலிசி விற்றுப் பிழைப்பவன். கார் பாலிசியைப் புதுப்பிக்கப் போன வீட்டில் இன்னொருவன் மனைவியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவள் கணவனுக்கே தெரியாமல் அவன் பெயரில் விபத்துக் காப்பீடு எடுத்து, ஆளையும் தீர்த்துவிடுகிறான். தோளில் குண்டுக் காயத்தோடு நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதிவுக் கருவியின் முன் அமர்ந்து, பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான்.

முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வரும்? பிணத்தை ரயில் பாதையில் போட்டுவிட்டு நெஃப்பும் அவளும் காரில் ஏறுகிறார்கள். அவள் வண்டியைக் கிளப்பப் பார்க்கிறாள். இன்ஜின் இழுக்கிறது, அடங்குகிறது. மறுபடியும் அதேதான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நெஃப் கையை நீட்டி முயல்கிறான்; கிளம்பிவிடுகிறது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஒரு கொலைகாரன் தப்பிவிட வேண்டும் என்று இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! அதை உணர்ந்தபோது உடம்பு கூசியது. எண்பது ஆண்டுகளாக இந்தப் படங்கள் உயிரோடு இருப்பது இதனால்தான். நீதிபதியின் நாற்காலியில் நம்மை உட்கார விடுவதில்லை; காருக்குள் ஏற்றிக்கொள்கின்றன.

குற்றவாளி தப்பிக்கவே கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. விஷவாயு அறையில் நெஃப்புக்கு மரண தண்டனை நிறைவேறும் காட்சியையும் வைல்டர் படமாக்கினார், பிறகு நீக்கிவிட்டார். மிகச் சரியான முடிவு. அந்தத் தண்டனை தேவையே இல்லை.

நெஃப்பின் வாக்குமூலம் முழுவதும் கீஸுக்குத்தான். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் மோசடிகளை மோப்பம் பிடிக்கும் மூத்த அதிகாரி, அவன்மீது உயிரையே வைத்திருந்தவர்; அந்த வேடத்தில் எட்வர்ட் ஜி. ராபின்சன் வாழ்ந்திருப்பார். படம் நெடுகக் கீஸ் வாயில் சுருட்டோடு பைகளைத் துழாவுவார், தீக்குச்சி இருக்காது. நெஃப் நகத்தில் உரசிப் பற்றவைப்பான். கடைசியில் நெஃப் வாசலில் சரிந்து கிடக்கிறான். உதட்டில் சிகரெட், உரசக் கையில் வலுவில்லை. கீஸ் குனிந்து தீக்குச்சியை வாங்கி உரசி, அவனுக்குப் பற்றவைக்கிறார்.