வராமல் போன 23 பேர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்தில் ஆறு ஞாயிறு ஒரு மனநல நிகழ்ச்சி நடந்தது. கேள்விப் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். போன வாரம் அறிக்கை கைக்கு வந்தது. மனச்சோர்வு மதிப்பெண் குறைந்துவிட்டதாம், திட்டம் வெற்றியாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கேள்வித்தாள், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 வரை வரலாம். எண் கூடினால் சோர்வு அதிகம். பல நாடுகளில் பயன்படும் நல்ல கருவிதான். ஆனால் கேட்கிற இடம் என்று ஒன்று இருக்கிறதே! என் எதிரே உட்கார்ந்த அக்கா பல வருடமாகச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். களைப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். "பழம் பொறுக்குறவளுக்குக் களைப்பு இல்லாம இருக்குமாம்மா?" என்றார். இதற்கு எந்த எண்ணைப் போடுவது? தூக்கம் எப்படி என்றதும் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே அவருடைய நாத்தனார். "நல்லா வரும்." மொத்தம் 4 வந்தது. பேனாவைத் திருப்பித் தரும்போதுதான் மெல்லச் சொன்னார்: "ராத்திரியில யோசனை நிக்க மாட்டேங்குதும்மா."

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழிக்காரர்கள் இதையே 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அதிகமாக யோசிப்பது என்று பொருள். அங்கே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் கேட்கும் 14 கேள்விகளும் அந்த மக்களின் பேச்சிலிருந்தே வந்தவை. பலன் உண்டா என்று பார்க்க, 24 கிளினிக்குகளில் 573 பேரை இரண்டு பிரிவாக்கி, 6 மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. பாட்டிமாரிடம் பேசியவர்கள் மற்றப் பிரிவினரைவிட நன்றாகவே தேறியிருந்தார்கள்.

அந்த ஒப்பீடு ரொம்ப முக்கியம். மனசு மிகவும் கெட்டிருக்கும் நேரத்தில்தான் ஒருவர் உதவி தேடி வருவார். அப்புறம் நாளாக நாளாகத் தானாகவே கொஞ்சம் தணியும். அதையும் நம் கணக்கில் சேர்த்துக்கொண்டால் எப்படி?

இங்கே முதல் ஞாயிறு 40 பேர், கடைசி ஞாயிறு 17. மதிப்பெண் குறைந்தது அந்த 17 பேருக்கு. மீதிப் பேருக்கு யாரும் போன் செய்யவில்லை. ஷிப்ட் மாறியிருக்கலாம், வண்டி கிடைக்காமல் இருந்திருக்கலாம். மனநல மருத்துவமனை இருப்பதால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே வசவாகச் சொல்லும் இடத்தில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். அந்த அக்காவும் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஏற்பாடு நடக்கிறது. தனியறையில் கேளுங்கள், நின்றுபோனவர்களைத் தேடிப் போங்கள், 6 மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகிறேன். பாரம் எடுத்துப்போகவில்லை.